ஒட்டுவதற்கு இருபது நிமிடம்

“ஆடாதீங்கம்மா! மூச்சைக்கூட மெதுவா விடுங்க. இப்ப அசைஞ்சா மூட்டு பூரா குமிழி கட்டிக்கும். காலையிலேர்ந்து இழைச்ச பலகை குப்பைக்குத்தான் போகும்!”

மிரான் அம்மா இரண்டு உள்ளங்கைகளாலும் அக்ரிலிக் பலகைகளை அணைத்துப் பிடித்தபடி சிலையானார்.

“எவ்வளவு நேரம் பிடிக்கணும் முதலாளி?”

“இருபது நிமிஷம்,” என்றார் பியோ சாங்பில், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

இருபது நிமிடமாம்! உல்ஜிரோ கடை வளாகத்தின் மூன்றாம் மாடியில் பெட்டி செய்கிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஊசியால் மூட்டோரம் விடுகிற அந்தத் தண்ணீர் போன்ற மருந்து, அரை நிமிடத்தில் இரண்டு பலகையையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். அதற்கும் ஆள் வேண்டாம், ஒரு துண்டு காகித டேப் போதும். பியோவும் முப்பது வருடம் டேப் போட்டுத்தான் ஒட்டிக்கொண்டிருந்தார். ஆறு வருடத்துக்கு முன் அவர் மனைவி, தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பூசானுக்குப் போனார். இன்னும் பார்த்து முடியவில்லை. “அங்கே கடல் காத்து அவளுக்கு ஒத்துக்கிச்சு” என்பார் பியோ, யாரும் கேட்காமலேயே. வாடிக்கையாளர்தான் கையால் பிடிக்க வேண்டும் என்ற புதுத் தொழில்நுட்பம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

மற்றவர்கள் ஐந்து நிமிடம் பிடிப்பார்கள், கடிகாரத்தைப் பார்ப்பார்கள், “சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்” என்று நழுவிவிடுவார்கள். மிரான் அம்மா மட்டும் நழுவவில்லை. முதலில் ஒரு மேசை விளக்குக்குப் பெட்டி, அடுத்து கடிகாரத்துக்கு, இப்போது ஓடு உடைந்த ரேடியோவுக்கு. மூன்று பக்கம் ஒட்டியாயிற்று. இது நாலாவது. இனி அடிப்பலகை ஒன்றுதான் பாக்கி. நாளையிலிருந்து சூசோக் அறுவடைப் பண்டிகை விடுமுறை, ஐந்து நாள் வளாகமே இழுத்துச் சாத்திக் கிடக்கும். அந்த ஐந்து நாளும் பியோ வாய் திறப்பது நூடுல்ஸ் சாப்பிட மட்டுமே. இந்த அம்மாவை இன்னும் ஒரு மணி நேரமாவது உட்கார வைத்துவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

“பண்டிகைக்கு ஊருக்குப் போகலையா முதலாளி?”

“போகணும், போகணும். எல்லாரும் என்னைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருக்காங்க,” என்று கூசாமல் அளந்தார் பியோ. “நீங்க?”

“வீடு நிறைய ஆளு. மகன், மருமக, பேரப் பசங்க. நான் போய்த்தான் அடுப்பே பத்த வைக்கணும்.”

பியோ நகர்ந்து சுவர்க் கடிகாரத்தை மறைத்து நின்றார். அடுப்பு என்று வந்துவிட்டால் இந்தப் பெண்மணி எந்த நிமிடமும் எழுந்துவிடலாமே.

“நேரம் ஆயிடுச்சா?” என்று கேட்டார் மிரான் அம்மா.

“பன்னிரண்டு நிமிஷம்தான் ஆச்சு.”

“வெளியில மழை வேற. ஈரத்துல ஒட்ட இன்னும் நேரம் பிடிக்குமோ?”

பியோ அந்தப் பேச்சைப் பாய்ந்து பற்றிக்கொண்டார். “கரெக்டா சொன்னீங்க! ஈரம்னா முப்பது!”

“அப்ப முப்பதே பிடிக்கிறேன். அவசரப்பட்டு வேலையைக் கெடுக்கக் கூடாதில்ல?”

இவ்வளவு அப்பாவியா என்று பியோவுக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சிகூட வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. காகிதக் கோப்பையில் காபித் தூளைக் கொட்டி வெந்நீர் ஊற்றினார். அந்த அம்மாவுக்கு இரண்டு கையும் வேலையாக இருந்ததால் ஒரு உறிஞ்சுகுழலைப் போட்டு வாயருகே நீட்டினார்.

“ஒருத்தன் வந்தாம்மா. பெட்டியை நாலு பக்கமும் மூடி ஒட்டச் சொன்னான். பேசிக்கிட்டே ஒட்டி முடிச்சோம். திரும்பிப் பார்த்தா, உள்ளே வைக்க வேண்டிய சர்க்யூட் போர்டு அவன் சட்டைப்பையில இருக்கு!”

மிரான் அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“ஆடாதீங்க, ஆடாதீங்க!” என்று பதறினார் பியோ. சுத்தியலால் தட்டினாலும் இனி பிரியாத மூட்டு அது.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துக் கடை ஒயர் வியாபாரி பாங், ஒரு கையில் குடையும் மறு கையில் பண்டிகைப் பரிசுப் பெட்டியுமாக எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, நான் கிளம்ப…” உறிஞ்சுகுழலைப் பார்த்ததும் பேச்சு நின்றது. “அடப் பாவி மனுஷா! இன்னுமா இந்த நாடகத்தை விடலை? அக்கா, கையை எடுங்க! அது அரை நிமிஷத்துல ஒட்டுற மருந்து. கிடைக்கிற ஆளையெல்லாம் இப்படித்தான் பிடிச்சு உட்கார வைப்பார். எங்க மாடியே சிரிக்குது!”

வந்த வேலை முடிந்த திருப்தியோடு படியிறங்கிப் போய்விட்டார் பாங்.

பியோவின் காது இரண்டும் சிவந்துவிட்டன. காபிக் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“மன்னிச்சுடுங்கம்மா,” என்றார் தரையைப் பார்த்து. “அடிப்பலகையை நான் டேப் போட்டே ஒட்டி அனுப்பிடறேன். நீங்க… நீங்க கிளம்புங்க.”

மிரான் அம்மா கையை எடுக்கவில்லை.

“அந்த மருந்தை பாட்டில்ல அடைக்கிற ஆலையில பதினெட்டு வருஷம், எத்தனை வினாடியில ஒட்டுதுன்னு சோதிச்சவளே நான்தான் முதலாளி,” என்றார். “வீட்டுல எனக்காக யாரும் காத்துக்கிட்டு இல்ல. அடிப்பலகையை எடுங்க, அதுக்கு நாற்பது நிமிஷமாவது ஆகும்.”