கூரையைப் பார்க்க வந்தவள்

“பேக்கைத் தாங்க மிஸ். நான் வச்சிக்கிறேன்.”

தேவாலய வாசலைத் தாண்டி உள்ளே வந்த நப்லாவைக் காவலாளி ஜீவன் ஓடிவந்து நிறுத்தினார்.

அவளுக்குச் சுருக்கென்றது. முன்னால் போன வெள்ளைக்காரியின் முதுகில் மூட்டை மாதிரி ஒரு பை. அவளை யாரும் கேட்கவில்லை.

‘என்ட அபாயா உடுப்பைக் கண்டதும் வந்திட்டார்’ என்று நினைத்தபடி பேக்கைக் கழற்றி நீட்டினாள். அவர் அதைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் தலையை நிமிர்த்தியதும் எல்லாம் மறந்துபோனது.

அக்குறணையில் வீட்டு பிளான் வரைகிறவள் நப்லா. கண்டிக்கு பஸ்ஸில் வரும்போதெல்லாம் எட்டி எட்டிப் பார்த்த பழைய கோதிக் கட்டடம் இது. புருஷன் ஸிபானை நச்சரித்து இன்றுதான் கூட்டி வந்திருந்தாள்.

“இங்க பாருங்க, வளைவெல்லாம் மேல போய்க் கூராகுது. அதுதான் இவ்வளவு உயரமா ஈந்தும் பாரமாத் தெரியல்ல.”

“கழுத்து வலிக்கப் போகுது,” என்றான் ஸிபான்.

“வலிக்கட்டும். அந்தக் கண்ணாடி எவ்வளவு வடிவா ஈக்கி! நீலமும் சிவப்பும் உங்கட சேர்ட்டுல விழுது பாருங்க.”

தூணைத் தடவினாள். கூரை மரங்கள் ஒன்றையொன்று தாங்கும் இடத்தை விரலால் காற்றில் வரைந்து பார்த்தாள். இந்தப் பக்கம் ஓடினாள், அந்தப் பக்கம் ஓடினாள்.

அவள் போன இடமெல்லாம் ஜீவனும் பேக்கோடு பின்னாலேயே வந்தார்.

வெளியே வந்ததும் பேக்கை நீட்டினார். “நல்லாப் பாத்தீங்களா மிஸ்?”

வெடுக்கென்று வாங்கினாள். “இதுக்குள்ள தண்ணிப் போத்தலும் கோடு போடுற அடிமட்டமும்தான் ஈக்கி.”

“சரிங்க மிஸ்,” என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

தெருவுக்கு வந்தும் அவளுக்கு ஆறவில்லை.

“எவ்வளவு அருமையான இடம். அந்த ஆள்தான், கள்ளியைப் பார்க்கிற மாதிரி என்ட பின்னாலயே.”

ஸிபான் நின்றான்.

“நீ முன்னால போனாய். நான் வாசல்ல நின்டேன். கோயில் பார்க்க வந்த ஒருத்தர் அந்தக் காவலாளிக்கிட்ட மெதுவா, ‘அந்தப் பொம்பிளைட பேக்கைத் திறந்து கொட்டிப் பாரு’ என்டு சொன்னாரு.”

நப்லாவின் முகம் மாறியது. “அதை ஏன் அப்பவே சொல்லல்ல?”

“சொல்லியிருந்தா நீ கூரையைப் பார்த்திருப்பியா?”

அவள் தேவாலய வாசலைத் திரும்பிப் பார்த்தாள். “அதுக்கு அவர் என்ன சொன்னாரு?”

“‘திறக்கத் தேவையில்ல சார். உங்களுக்குப் பயமா இருந்தா, அதை நானே தோள்ல போட்டுக்கிட்டு அவங்ககூட நடக்கிறேன்’ என்டாரு.”