பாலம் ஏறி

வேன் போய்விட்டது.

அவள் மகளோடு தெருமுனைக்கு வந்து சேர்ந்தபோது அதன் மஞ்சள் முதுகு மட்டும் தெரிந்தது. கையைத் தூக்கினாள். கூப்பிட்டாள். அது வளைவில் திரும்பி மறைந்தது.

எட்டு பன்னிரண்டு.

எட்டே முக்காலுக்குப் பள்ளிக்கூடத்தில் கேட்டை இழுத்து மூடிவிடுவார்கள். இன்று அரையாண்டுத் தேர்வு. வீட்டு ஸ்கூட்டர் பஸ் டிப்போவில் நின்றது. அவள் கணவன் டிரைவர். நேற்று மாலை அதில் டிப்போவுக்குப் போய், மதுரைக்கு வண்டி எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

ஆட்டோக்கள் வந்தன. எல்லாவற்றிலும் பிள்ளைகள், பைகள், பிதுங்கிக்கொண்டு.

எட்டு இருபது.

“நடந்து போயிரலாமாம்மா?” என்றாள் பெனிட்டா. மூன்றாம் வகுப்பு. அம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தயங்கிக் கேட்டாள்.

“உன்னால முடியுமா?”

அவள் சாலையின் நீளத்தைப் பார்த்தாள்.

ஏழு மாதத்துக்கு முன்பு, அலுவலக மாடிப்படியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வயது முப்பத்தொன்பது. மாரடைப்பு. இதய ரத்தக்குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள்.

“தினமும் அரை மணி நேரம் நடங்க. போகப் போக ஓடக்கூடச் செய்யலாம். நடக்காம இருக்கறதுக்குத்தான் பயப்படணும்” என்றார் டாக்டரம்மா, ஒவ்வொரு முறையும்.

நேரம் எங்கே இருக்கிறது டாக்டர் என்பாள், ஒவ்வொரு முறையும்.

அது பொய்யில்லை. ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும். சமையல், இரண்டு டிபன் பாக்ஸ், தலை பின்னல். பத்து மணிக்கு அலுவலகம். திரும்பி வந்தால் வீட்டுப்பாடம், துணி, மாவு. கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். பாவம், அவளுக்கு நேரமே இல்லை.

நேரம் இருந்த காலைகளும் உண்டு. இரண்டு. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பெனிட்டா தூங்கிக்கொண்டிருந்தாள். கணவன் வீட்டில் இருந்தான். வேலை எல்லாம் முடிந்திருந்தது. புது ஷூவை மாட்டி, கயிற்றைக் கட்டி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தே இருந்தாள்.

நடுரோட்டில் ஏதாவது ஆகிவிட்டால்?

கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். இரண்டு தடவையும்.

இப்போது பெனிட்டாவின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“வா.”

தண்ணீர்த் தொட்டி. மீன் மார்க்கெட். ஈரத் தரையில் செருப்பு வழுக்கியது. அதற்கப்பால் ரயில்வே மேம்பாலம். வண்டியில் போகும்போது அது இவ்வளவு உயரமாகத் தெரிந்ததில்லை.

பாலத்தில் பாதி ஏறும்போதே மூச்சு வாங்கத் தொடங்கியது. காதுக்குள் தடதடவென்று அடித்தது.

வரப்போகிறது என்று நினைத்தாள். அந்த வலி. இடது தோளில் தொடங்கும்.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காத்திருந்தாள்.

லாரி ஒன்று முக்கிக்கொண்டு ஏறிப் போனது.

வலி வரவில்லை.

முன்னால் ஓடிய பெனிட்டா நின்று திரும்பிப் பார்த்தாள். அழாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்காகவா, அம்மாவுக்காகவா, தெரியவில்லை.

எட்டு முப்பத்தாறு.

அவள் புடவைக் கொசுவத்தை ஒரு கையில் அள்ளிப் பிடித்தாள்.

ஓடினாள்.

பத்து அடி. இருபது. பை முதுகில் மோதிக்கொண்டே வந்தது. கெண்டைக்கால் இழுத்தது. செருப்பு வார் விரலை அறுத்தது. உடம்பில் எங்கெங்கோ வலித்தது. பயந்த இடத்தில் மட்டும் வலிக்கவில்லை.

பாலத்தின் உச்சியில் காற்று அடித்தது. பெனிட்டா வந்து கையைப் பற்றிக்கொண்டாள். இறக்கத்தில் கால்கள் தாமாகவே போயின. பெனிட்டா சிரித்தாள். பைக்கில் போன ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். பார்க்கட்டும்.

வாட்ச்மேன் கேட்டில் கை வைத்திருந்தார்.

“மெதுவா வாங்கம்மா, மெதுவா. இன்னும் மூடல.”

பெனிட்டா பையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் வேப்பமரத்தடியில் நின்று நெஞ்சில் கை வைத்தாள்.

அடித்துக்கொண்டிருந்தது. பலமாக. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, யாரும் சொல்லாமல், அதுவே நிதானத்துக்கு வந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. கணவன்தான். பின்னால் பஸ் எஞ்சின் உறுமியது.

“பெனி போயிட்டாளா?”

“போ... போயிட்டா.”

“ஏன் இப்படி மூச்சு வாங்குது? ஸ்டெல்லா? எங்க இருக்க? முதல்ல உட்காரு. பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா? போனை அவங்ககிட்ட குடு.”

“ஒண்ணுமில்லைங்க. ஓடினேன்.”

“என்னது?”

“வேனை விட்டுட்டோம். ஓடி வந்தோம். பாலம் ஏறி.”

எஞ்சின் நின்றது.

இந்த ஏழு மாதத்தில் எத்தனையோ பேர் அவளை நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவன் மட்டும் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. தன் கஷ்டம் அவனுக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை என்று நினைத்திருந்தாள்.

அவனும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறான் என்று இப்போது புரிந்தது.

“ஓடுனியா?” என்றான். குரல் உடைந்திருந்தது.

“ம்.”

மூக்கை உறிஞ்சும் சத்தம். யாரோ, “அண்ணே, டைம் ஆச்சு, எடுங்கண்ணே” என்றார்கள். அவன் போனை வைக்கவில்லை.

“இன்னும் மூச்சு வாங்குது பாரு உனக்கு.”

அவள் மரத்தில் சாய்ந்துகொண்டாள்.

“வாங்கட்டும்” என்றாள்.