காற்றுக்கு ஒரு மறைப்பு

பத்து நாள் தொழில் பயிற்சி முடித்த புனிதவல்லி, பஸ் ஸ்டாண்டு வாசலில் தோசைத் தள்ளுவண்டி போட்டாள். கண்ணாடிச் சட்டம் போட்ட பயிற்சிச் சான்றிதழ் வண்டியின் முகப்பில் தொங்கியது.

முதல் தோசை புதுக் கல்லோடு ஒட்டிக் கிழிந்தது. அடுத்ததும் கிழிந்தது. காத்திருந்த இருவர் நகர்ந்துவிட்டார்கள்.

"என் மேல முத்திரையே இருக்கு. தப்பு உன் மேலதான்," என்றது சான்றிதழ்.

"நான் புதுசு, ஒட்டத்தான் செய்வேன். வெங்காயத்தால தேய்ச்சுத் தேய்ச்சு ஊத்தினா பழகிடுவேன்," என்றது தோசைக்கல். "ஆனா காத்துல தீ ஒரு பக்கமா சாயுதே, அதுக்கு வகுப்புல என்ன சொன்னாங்க?"

சான்றிதழ் யோசித்தது. பயிற்சி நடந்த மண்டபத்தில் காற்றே இல்லை.

புனிதவல்லி விடவில்லை. வெங்காயத்தை வெட்டி, எண்ணெயில் தோய்த்து, கல்லை அழுத்தித் தேய்த்தாள். மூன்றாவது தோசை ஒட்டவில்லை. ஆனால் ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் வேகாமல் கிடந்தது.

"அக்கா, என்னைக் கழட்டி அடுப்போரம் வைங்க," என்றது சான்றிதழ்.

காற்று வரும் பக்கமாக அதை நிறுத்தினாள். தீ நிமிர்ந்தது. அடுத்த தோசை வட்டமாக, முழுசாக எழுந்து வந்தது.

ஒரே வாரத்தில் கண்ணாடி முழுக்க எண்ணெயும் புகையும் படிந்துவிட்டது.

"உன் முத்திரையே தெரியலையே," என்றது கல்.

"அது கிடக்கட்டும். ஆள் நிக்குது, மாவை ஊத்தச் சொல்லு."