நாற்பதாவது மெசின்

“கண்ணு, இன்னைக்கும் ஸ்கிரீன் இருண்டு போச்சு சாமி! இதோட நாலாவது நாளு.”

போனில் அர்த்தனாரியின் குரல் கேட்டதும் யமுனா நாற்காலியைச் சன்னல் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்த வீட்டில் அங்கே மட்டும்தான் சிக்னல் நிற்கும்.

“பதறாதீங்க பெரியப்பா. நான் பாக்கறனுங்க.”

“பாரு, பாரு. பாத்துக்கிட்டே சொல்லு, சாப்டியா?”

“களி கெடக்குதுங்க. இனிமேத்தான்.”

“நேத்து கிண்டுனதா?”

“ஆமாங்க.”

“அதானே. ஒத்தை ஆளுக்கு அடுப்புப் பத்த வைக்க யாருக்குத்தான் கை வரும்? இருந்தாலும் ஒரு ரசமாச்சும் வெச்சுக்க.”

பெரியப்பா என்பது போனில் வந்த பழக்கம்தான், சொந்தமில்லை. அர்த்தனாரி மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் எழுத்தர். அந்தக் கம்பெனியில் ஊர் ஊராக நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் மேசையில் இருப்பது வெறும் திரைதான். அதற்குள் ஓடும் நாற்பது கம்ப்யூட்டர்களும் எங்கோ தொலைவில் ஒரே தொகுப்பாக இருக்கின்றன. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அவற்றை எதுவும் கெடாமல் அப்படியே புதிய மேலாண்மைத் தளத்துக்குள் கொண்டுவந்து சேர்ப்பது யமுனாவின் வேலை. கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று கொடுத்த வேலை அது. கொல்லிமலையில், ஆலத்தூர் நாடு என்கிற ஊரில் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே செய்யலாம்.

முப்பத்தொன்பது சேர்ந்துவிட்டன. அந்த முப்பத்தொன்பது பேரும் அவளிடம் ‘சரிங்க’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அர்த்தனாரியின் மெசின் மட்டும்தான் பாக்கி. கோளாறு தீராமல் ஒன்றைச் சேர்க்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. சேர்த்துவிட்டால் அதன்பிறகு அவர் எது கேட்பதென்றாலும் கோயம்புத்தூருக்குத்தான் கூப்பிட வேண்டும்.

கணினியின் மூலையில் மேலதிகாரி சசிதரனின் செய்தி எட்டிப் பார்த்தது. ‘நாற்பது என்ன ஆச்சு? நாளைக்குள் முடிக்கணும்.’ அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவர் எப்போதும் அப்படித்தான்.

“மலையில பனி எறங்கிருச்சா கண்ணு?”

“எதிர்ல நிக்கற பலா மரமே தெரியலீங்க.”

“இங்க வெயிலு மண்டையைப் பொளக்குது. கொஞ்சம் பனியை இந்தப் போன் வழியா அனுப்பி வுடு. ஈரோட்டு லாரிக்காரன் வாசல்ல நின்னு என்னை மொறைக்கறான். அவன் தலையிலயும் ரெண்டு கை தெளிச்சு வுடலாம்.”

யமுனா சிரித்தாள். வீட்டுக்குள் அந்தச் சிரிப்பு யாரோ வந்துவிட்டது போலக் கேட்டது. அம்மாவும் அப்பாவும் குடகுக்குக் காப்பி பறிக்கப் போய் இரண்டு மாதம் ஆகிறது. பக்கத்து வீடு என்றால் ஒரு பள்ளம் இறங்கி, மிளகுக் கொடி படர்ந்த மரங்களைத் தாண்டி மறுபடி ஏற வேண்டும். நேற்று இவரிடம் பேசியதைத் தவிர, அவள் வாயைத் திறந்தது கோழியை விரட்டுவதற்குத்தான்.

“வந்துருச்சு கண்ணு! வெளிச்சம் வந்துருச்சு. நீ கைராசிக்காரி. வெச்சுரட்டுமா?”

“பெரியப்பா, மத்தியானத்துக்கு என்னங்க கொண்டாந்தீங்க?”

அர்த்தனாரி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

“சோத்தை வுடு சாமி. நாளைக்கு இந்தச் சீட்டுல நான் இருக்க மாட்டேன் போலிருக்குது.”

“ஏனுங்க?”

“நாலு நாளா லாரியெல்லாம் காத்துக் கெடக்குதுல்ல? மத்தவங்களுக்கெல்லாம் நல்லா ஓடுது, எனக்கு மட்டும்தான் நிக்குதாம். எனக்கு மெசின் பழகத் தெரியலையாம். சின்னுசாமியை உக்கார வெச்சுட்டு என்னை ஊட்டுக்கு அனுப்பறாங்களாம். மேனேஜரம்மா வாராங்க, இரு...”

போன் கை மாறியது.

“நான் மேனேஜர் பிரபாவதி பேசறேன். ஏம்மா, இவரு எதையாவது கண்டபடி அமுக்கி வைக்கறாரா? உள்ளதைச் சொல்லு. நான் இப்பவே ஒரு முடிவு எடுக்கணும்.”

யமுனா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

“அவரு மேல தப்பில்லீங்க மேடம்.”

“அப்ப மெசின்ல கோளாறா? உங்க கோயம்புத்தூர் ஆபீசுக்குப் போட்டுக் கேட்டா, மெசின் சுத்தமா இருக்குன்னு சொல்றாங்களே?”

ஆமாம் என்று சொன்னால் எடுபடாது. சசிதரன் இரண்டே நிமிடத்தில் சோதித்துவிடுவார்.

“மெசின்லயும் கோளாறு இல்லீங்க.”

“ஆளு மேலயும் தப்பில்ல, மெசின் மேலயும் தப்பில்ல. அப்ப பேய் வந்து நிறுத்துதா?”

பின்னாலிருந்து அர்த்தனாரியின் குரல் கேட்டது. “அந்தப் புள்ளையை வையாதீங்க மேடம். மலையில தன்னந்தனியா கெடக்கற புள்ள. என் வெரலுதான் எதையாச்சும் அமுக்கியிருக்கும். நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போயிடறேன், வுடுங்க.”

“கேட்டியாம்மா? அவரே ஒத்துக்கிட்டாரு. வெச்சுடறேன்.”

“வெக்காதீங்க மேடம்!”

தன் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று யமுனாவுக்கே தெரியாது. அவள் சன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“நான்தாங்க. தெனமும் இங்கிருந்து அந்த மெசினை நிறுத்தி வைக்கறது நான்தாங்க மேடம்... அவரு எனக்குப் போன் பண்ணட்டும்னு.”