வெயில் வேந்தரின் பூட்டிய அறை

கலையுலகம் எழுந்து நின்று கேட்க வேண்டிய அறிவிப்பு இது. நாற்பது ஆண்டுகளாகக் கூரைக்குக் கீழே ஒரு கோடுகூடக் கிழிக்காமல், வெட்டவெளியில் நின்று இயற்கையை மட்டுமே வரைந்துவரும் ஓவியருக்கு, ஓவியர் சங்கம் வரும் ஞாயிற்றுக்கிழமை ‘வெயில் வேந்தர்’ என்ற பட்டத்தை வழங்குகிறது. பட்டம் வாங்கிய கையோடு அவர் பனிமலைக்குப் புறப்படுகிறார். ஒரு மாதம் உறைபனியில் நின்று வரையப்போகிறார். அழைப்பிதழின் வாசகத்தை அவரே எழுதிக் கொடுத்ததால் பிழை இருக்க வாய்ப்பில்லை.

அந்த அழைப்பிதழைப் பதினோராவது முறையாக அவர் படித்துக்கொண்டிருந்தபோதுதான் இன்ஸ்பெக்டர் வந்தார். பின்னால் ஓர் ஏட்டு.

“போன ஞாயித்துக்கிழமை ஏரிக்கரை கான்ட்ராக்டர் வீட்டுல திருடு போயிருக்கு சார். அவங்க வெளியூர் போயிருந்த நேரம். பகல் பத்து மணிக்கு மேல, ஒரு மணிக்குள்ள. ஞாயித்துக்கிழமையானா நீங்க அங்கதான் இருப்பீங்கன்னு தெருவே சொல்லுது. யாரையாவது பார்த்தீங்களா?”

ஓவியர் கண்ணை மூடித் திறந்தார். பேட்டி கொடுக்கும்போதெல்லாம் அப்படித்தான் செய்வார்.

“வரையும்போது எனக்கு மனுஷங்க தெரிய மாட்டாங்க. இயற்கை மட்டும்தான்.”

எழுந்து போய், சுவரோரம் சாய்த்திருந்த படத்தைத் திருப்பினார். சாயம் இன்னும் முழுசாகக் காயவில்லை. ததும்பும் ஏரி, இரண்டு படகுகள், கொக்குகள், கரையில் கான்ட்ராக்டரின் மாடி வீடு. மூலையில் கையெழுத்து, அதன் கீழே ஞாயிற்றுக்கிழமைத் தேதி.

“அன்னைக்கு அங்க உட்கார்ந்து வரைஞ்சது. இல்லாத ஒரு இலையைக்கூட நான் சேர்க்கிறதில்லை.”

இன்ஸ்பெக்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“தண்ணி பிரமாதம் சார்.”

“எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.”

“தூர் வாரணும்னு வெள்ளிக்கிழமையே ஏரியை வடிச்சுட்டாங்க. ஞாயித்துக்கிழமை அங்க இருந்தது சேறும் ஆறு லாரியும்தான்.”

சமையலறையில் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது.

“அது வந்து, மனசுல இருந்து...” என்று ஆரம்பித்த ஓவியர், கையிலிருந்த அழைப்பிதழைப் பார்த்து மீதியை விழுங்கினார்.

ஏட்டு நோட்டைப் புரட்டினார். “அன்னைக்குப் பத்தரை மணிக்கு உங்க வீட்டுப் பின்சந்துல ஒருத்தர், தொப்பியை மூக்கு வரைக்கும் இறக்கிக்கிட்டு, பெரிய பையோட பம்மிப் பம்மி வந்ததைப் பக்கத்து வீட்டுல பார்த்திருக்காங்க.”

இன்ஸ்பெக்டரின் பார்வை கூடத்தைச் சுற்றிவந்து, பூட்டியிருந்த பின்னறைக் கதவில் நின்றது.

“அது என்ன ரூம்?”

“பழைய சாமான்.”

“திறங்களேன்.”

“சாவி தொலைஞ்சுபோச்சு.”

சட்டைப் பையில் சாவி கலகலத்தது. ஓவியருக்கு வேர்த்தது. இத்தனைக்கும் அவர் வெயில் வேந்தர்.

மனைவி ஈரக் கையோடு வந்து நின்றார். “ஏங்க, சொல்லித் தொலைங்களேன். போலீஸ்கிட்ட என்ன கௌரவம் வேண்டிக்கிடக்கு?”

“நீ உள்ள போ.”

இரண்டு தலைப்புச் செய்திகள் ஓவியரின் மனக்கண்ணில் ஓடின. எது கொஞ்சம் மானமாக இருக்கிறது என்று ஒரு நிமிடம் எடைபோட்டுப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினார்.

“அந்த ரூமைத் திறக்க வேண்டாம். நான்தான் திருடினேன். கூட்டிட்டுப் போங்க.”

“என்னென்ன எடுத்தீங்க?”

“அங்க இருந்ததை.”

“எல்லாம் உள்ளதான் இருக்கா?”

ஓவியர் சட்டைப் பையை இறுகப் பொத்திக்கொண்டார்.

மனைவி பெருமூச்சு விட்டார். கையைத் துடைத்துக்கொண்டு, கணவரின் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பின்னறையைத் திறந்துவிட்டார்.

உள்ளே நகையும் இல்லை, மூட்டையும் இல்லை. மின்விசிறி. அதற்கு நேர் கீழே சாய்வு நாற்காலி, தலையணை, பாதி தீர்ந்த பிஸ்கட் பாக்கெட். ஆணியில் வெயில் தொப்பி. தூரிகைகள் துருத்திக்கொண்டிருந்த பெரிய பை. எதிர்ச் சுவரில் ஏதோ ஓர் உரக் கம்பெனியின் பழைய காலண்டர். அதில் ததும்பும் ஏரி, இரண்டு படகுகள், கொக்குகள்.

ஏட்டு வெளியே போய்ப் படத்திலிருந்த கொக்குகளை எண்ணிவிட்டு வந்து, காலண்டரில் எண்ணினார். சரியாக இருந்தது.

“காலையில நாலு பேர் பார்க்க முன்வாசல் வழியா கிளம்புவாரு,” என்றார் மனைவி. “தெருவைச் சுத்திப் பின்சந்து வழியா வந்து படுத்துக்குவாரு. இருபது வருஷமா நடக்குது. சாயங்காலம் செருப்புல சேறு பூசிவிடுறது என் வேலை.”

“வெயில் ஒத்துக்கிறதில்லை சார்,” என்றார் ஓவியர் தேய்ந்த குரலில். “உடனே தலைவலி வந்துடும். கரையில எறும்பு வேற. ஆனா அந்தக் கான்ட்ராக்டர் வீடு மட்டும் நானா சேர்த்தது.”

“இதை மறைக்கவா திருட்டை ஒத்துக்கிட்டீங்க? ஜெயிலுக்குப் போனா பட்டம் என்ன ஆகும்?”

“பட்டம் வெயில்ல நின்னதுக்குத்தான் சார். யோக்கியனா இருந்ததுக்கு இல்லை.”

ஏட்டு நோட்டில் எழுதியிருந்ததை அடித்தார். இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.

அதைப் பார்த்ததும் ஓவியருக்கு ரோஷம் வந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்தினார். “இந்த ஏரியை விடுங்க சார். பனிமலைக்குப் போறேன் பாருங்க, அங்க நிரூபிக்கிறேன் நான் யாருன்னு. மப்ளர்கூட வாங்கியாச்சு.”

இன்ஸ்பெக்டர் காலண்டரை நெருங்கி, ஏரி இருந்த தாளை மெல்லத் தூக்கினார்.

அடுத்த தாளில் பனிமலை இருந்தது.