கம்பெனி ஸ்பிரிங்

காப்பித் தோட்டக்காரர் சங்கரலிங்கத்தின் பிஸ்டலில் விசை மகா கெட்டி. கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு லேசானதைப் போட்டால் விரல் பட்டதும் சுடும் என்றார் துப்பாக்கிக் கடை ரஹீம் பாய். சங்கரலிங்கம் யோசித்தார். முன்பொரு மாலை, வேலி தாண்டி வந்தவனைத் திருடன் என்று நினைத்து விசையை இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். அது அசைவதற்குள் அவன் தன் பேர், ஊர், தாய்மாமன் பேர் எல்லாம் சொல்லி, அவர் மகளைப் பெண் கேட்டும் முடித்திருந்தான். நா வறண்டு நின்றவனுக்கு மறு கையால் அவரே செம்புத் தண்ணீரை நீட்டினார். கல்யாணத்துக்கு நாள் குறிக்கும்போதும் விரல் விசையில்தான் இருந்தது.

அந்த மருமகன் திருமலைதான் இப்போது பக்கத்தில் நின்று நச்சரித்தார்.

“மாத்திடுங்க மாமா. உங்க பேத்தி காலேஜ் போறா. வேலியோரம் ஒரு பையன் சுத்துறான்.”

“நீங்களும் சுத்துனவர்தானே மாப்ளே.”

“அது வேற மாமா.”

சங்கரலிங்கம் மருமகனின் நரைத்த மீசையைப் பார்த்தார். மகள் இத்தனை வருஷமும் சிரித்த முகமாக இருப்பது இந்த மனிதரால்தான். பிஸ்டலைப் பாயின் பக்கம் நகர்த்தினார்.

“பாய், இதைவிடக் கெட்டியா ஒண்ணு கிடைக்குமா?”