லிட்டருக்குப் பத்தொன்பது

"மெதுவா! ஸ்பீட் பிரேக்கர்!" என்று அலறினான் அருண்பாண்டியன்.

அவன் மனைவி புஷ்பலதா பிரேக்கை மிதித்தாள். கார் அந்த மேட்டில் பூனை மாதிரி ஏறி இறங்கியது. இறங்கியதும் அவனே, "இன்னும் வேகமா போ புஷ்பா!" என்றான்.

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க பாவா. வேகமாவா, மெதுவாவா?"

அவனுக்கே தெரியவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. நாக்கு வறண்டிருந்தது. மடியில் பிளாஸ்க்கும் பழைய வேட்டித் துணிகளும் திணித்த ஒயர் கூடை. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான்.

கே.ஜி.கண்டிகையிலிருந்து கிளம்பி எட்டு நிமிடம் ஆகியிருந்தது. "லேட் பண்ணாதீங்க, அரை மணிக்குள்ள இங்க இருக்கணும்" என்று போனில் கறாராகச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. நாளோ ஆடிக் கிருத்திகை. ஊரிலிருந்த ஆட்டோ, வேன் எல்லாம் காவடிகளை ஏற்றிக்கொண்டு திருத்தணி மலைக்குப் போய்விட்டன. மிச்சம் இருந்தது வாசலில் நின்ற இந்தச் சின்னக் கார் மட்டும்தான்.

பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து இழுக்கிற ஹைப்ரிட் கார். வெளிநாடு போன சென்னைக்காரர் ஒருவரிடம் ஆசை ஆசையாக வாங்கியவன் அவன், ஓட்டுகிறவள் அவள். லைசென்ஸுக்கு எட்டுப் போடச் சொன்ன மூன்று தடவையும் கம்பத்தைச் சாய்த்துவிட்டு வந்தவன் அவன். அவளோ செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலால் ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும், ஏதாவது பாட்டை முணுமுணுத்தபடியே லிட்டருக்கு இருபத்திநாலு கொண்டுவந்துவிடுவாள். ஓட்டுவதில் அவளுக்கு அவ்வளவு குஷி.

இன்று பாட்டு இல்லை. சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"பாவா, கண்ண மூடாதீங்க. மயக்கம் கியக்கம் போட்டு வெச்சிடாதீங்க, சொல்லிட்டேன். அந்த மைலேஜ் நம்பரப் பாத்து சொல்லிகினே வாங்க."

"பதினாலு... பதிமூணு... ஐயோ, பன்னெண்டுக்கு வந்துடுச்சி புஷ்பா!"

"இன்னிக்கி ஒரு நாள் வந்தா வந்துட்டு போவட்டும். மணி இன்னா?"

"பத்து பதினெட்டு. போன தடவ கேட்டப்போ பத்து பன்னெண்டு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மிதித்தாள்.

திருத்தணிக்குள் நுழைந்ததும் சாலையே காணாமல் போனது. எங்கு பார்த்தாலும் மஞ்சள் வேட்டி, புஷ்பக் காவடி, மயில் தோகை. கார் நின்றது. கூடவே இன்ஜினும் அடங்கிப்போனது.

"நின்னு போச்சு! போச்சு, எல்லாம் போச்சு!"

"கத்தாதீங்க. வண்டி நின்னா இன்ஜின் தானா தூங்கும், பெட்ரோல் மிச்சம்னு நீங்கதான ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சீங்க?"

பேட்டரியில் கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. அதுதான் வினையாகிப்போனது. முதுகுக்குப் பின்னால் ஒரு கார் வருவதே யாருக்கும் தெரியவில்லை. ஹாரன் அடித்தாள். 'அரோகரா'வில் அது கரைந்துபோனது.

அவன் நம்பரைப் பார்த்தான். அந்தக் கொடுமையிலும் அது மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. "பதினாறு... பதினேழு..." என்றபோது குரல் உடைந்தது. இறங்கிப் போய் வழி கேட்கலாம் என்றால் கால் கல்லாகக் கனத்தது. ஒயர் கூடையைப் பிடித்துக்கொண்டு நம்பர் படிப்பதைத் தவிர, அவனால் ஆகக்கூடியது எதுவுமில்லை.

காவடி இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்த ஒருவர் பானெட்டில் தட்டினார். "இன்னாம்மா, இந்தக் கும்பல்ல பூந்து வந்துகினு இருக்கியே, அறிவு..." என்று ஜன்னலுக்குள் குனிந்தவர், அருண்பாண்டியன் முகத்தைப் பார்த்ததும் அரண்டுபோனார்.

"ஆஸ்பத்திரிக்கா?"

"ஆங்" என்றாள் புஷ்பலதா. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"எப்பா, பேஷண்ட் வண்டிப்பா! காவடிய ஓரமா தூக்கு! வழி வுடு, வழி வுடு!" என்று காருக்கு முன்னால் ஓடினார் அவர். கூட்டம் பிளந்தது. புஷ்பலதா அந்தப் பிளவில் காரை நூல் கோப்பது போலச் செலுத்தினாள்.

நர்சிங் ஹோம் வாசலில் கார் நின்றபோது டாக்டரம்மா கொடுத்த கெடுவில் ஒரு நிமிடம் பாக்கி. அருண்பாண்டியன் தலை சீட்டில் சரிந்து கிடந்தது. "பத்தொம்போது... பத்தொம்போது..." என்று உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்த நர்ஸ் இடதுபக்கக் கதவைத் திறந்தாள். ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"நம்பர் நம்பரா உளர்றாரு. ஜல்தியா தூக்குங்கப்பா!"

கால் பக்கம் ஒருவர், தலைப் பக்கம் ஒருவர். ஒயர் கூடையோடு சேர்த்து அவனை அள்ளி ஸ்ட்ரெச்சரில் போட்டார்கள்.

"சிஸ்டர்... வந்து... நான்..."

"பேசாதீங்க சார். ஒண்ணும் ஆவாது."

சக்கரங்கள் கிறீச்சிட்டு உருண்டன. பின்னால் காரின் வலதுபக்கக் கதவு மெல்லத் திறந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து விட்டபடி, வெறுங்காலோடு எழுந்து நின்றாள் புஷ்பலதா.

"சிஸ்டர், அவர எறக்கி வுட்டுட்டு அத இங்க தள்ளிகினு வாங்க. பிரசவம் எனக்கு!"